வாசகர் கேள்வி-பதில்: பையில் வரும் மீன்

கேள்வி: மாதம் ஒருமுறை விடியற்காலையில் காசிமேடு சென்று மீன் வாங்கி, பேருந்தில் வேலூர் திரும்புகிறேன். வாங்கும்போது செவுள் செக்கச்செவேலென்று இருந்த கானாங்கெளுத்தி, வீடு வந்து சேரும்போது வயிறு நைந்து கவிச்சி அடிக்கிறது. பையின் மேலே ஐஸ் போட்டுத்தான் கொண்டுவருகிறேன். எங்கே தவறு செய்கிறேன்?
(வாசகர், வேலூர்)

பதில்: ‘மேலே’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், தவறு அங்கேதான் இருக்கிறது. ஐஸ் உருகும்போது தன்னைத் தொட்டுக்கொண்டிருக்கும் பொருளிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஆகையால் மேலே கொட்டிய ஐஸ் மேல்வரிசை மீன்களைக் குளிரவைக்கும். அடியில் கிடப்பவையோ, ஒன்றன்மேல் ஒன்று அழுத்தியபடி, கரையில் இருந்த சூட்டிலேயே பல மணி நேரம் கிடக்கும். மீன் செத்த பிறகும் அதன் குடலில் உள்ள செரிமான நொதிகள் வேலையை நிறுத்துவதில்லை. இரை தின்ற வயிற்றோடு வலையில் சிக்கும் கானாங்கெளுத்தி, மத்தி போன்றவற்றில் அந்த நொதிகள் வயிற்றுச் சுவரையே அரித்துவிடுகின்றன. செவுளிலும் தோலிலும் உள்ள பாக்டீரியாக்கள் அதற்குத் துணை சேருகின்றன.

30 டிகிரி சூட்டில் இருக்கும் ஒரு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டுவருவதற்கே ஏறத்தாழ 300 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் வெப்பத்தையும் சமாளிக்க வேண்டியிருப்பதால்தான், நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் பையை விட்டுவிட்டு, மூடியுள்ள தெர்மாகோல் பெட்டி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஐஸ் பாரைச் சாக்கில் சுற்றிக் கட்டையால் தட்டி நன்றாக நொறுக்குங்கள். பெரிய கட்டிகளுக்கும் மீனுக்கும் இடையே காற்று நிற்கும், கட்டியின் முனைகள் சதையையும் கிழிக்கும். அடியில் ஐஸ், அதன்மேல் வயிறு கீழ்நோக்கியபடி மீன், மீண்டும் ஐஸ் என்று அடுக்கி, கடைசியில் ஐஸாலேயே மூடுங்கள். உருகிய நீர் மீனைக் கழுவிக்கொண்டு இறங்குவது நல்லது. அதே நீரில் மீன் ஊறிக்கிடப்பது நல்லதன்று. பேருந்தில் பெட்டிக்கு ஓட்டை போட்டால் பக்கத்து இருக்கைக்காரர் சும்மா இருக்கமாட்டார் என்பதால், துளையுள்ள பழைய இட்லித் தட்டு ஒன்றைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்து, அதன்மேல் அடுக்கத் தொடங்குங்கள். நீர் கீழே தங்கிவிடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வாங்கிய பிறகு டீ குடித்து, நண்டு விலை விசாரித்து, அரை மணி நேரம் கழித்து ஐஸ் தேடினால், அந்த அரை மணியில் கெட்டது பின்னால் எவ்வளவு ஐஸ் போட்டாலும் திரும்பி வராது. ஐஸை முதலில் வாங்குங்கள், மீனைப் பிறகு வாங்குங்கள்.

கேள்வி: அங்கேயே வெட்டித் துண்டு போட்டு எடுத்து வரலாமா? ஐஸுடன் கல்லுப்புச் சேர்க்கச் சொல்கிறார்களே?
(வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: செவுளையும் குடலையும் நீக்கி, நல்ல குடிநீரில் கழுவி எடுத்து வருவது நல்லது. துண்டு மட்டும் போடாதீர்கள். வெட்டுப்பட்ட ஒவ்வொரு முகமும் பாக்டீரியாவுக்குத் திறந்த வாசல். நெத்திலி போன்ற பொடி மீனை முழுதாகவே ஐஸில் இடலாம். உப்புச் சேர்த்தால் குளிர் 0 டிகிரிக்கும் கீழே இறங்கும் என்பது உண்மைதான். ஆனால் ஐஸும் விரைவில் தீர்ந்துபோகும், மீன் அரைகுறையாக உறைந்து சதை சவசவத்துவிடும். சில மணி நேரப் பயணத்துக்கு அது வேண்டாம்.

கேள்வி: கொஞ்சம் பதம் மாறிய மீனானாலும், புளி ஊற்றி நன்றாகக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்கிறார் என் மாமியார். உண்மையா?
(வாசகி, சிதம்பரம்)

பதில்: நாற்றத்தைப் பொறுத்தவரை உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கடல் மீனின் கவிச்சிக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உடையவை; புளியின் அமிலம் அவற்றை அடக்கிவிடும். ஆனால் சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை சூட்டில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருளை உண்டாக்குகின்றன. அது கொதித்தாலும் அழியாது, பொரித்தாலும் அழியாது. நாற்றமே இல்லாத மீனிலும் இருக்கக்கூடும். சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிக்கும்போது ‘மீன் ஒத்துக்கொள்ளவில்லை’ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள்; அது இந்த ஹிஸ்டமினின் வேலையாக இருக்கலாம்.

கேள்வி: ஃப்ரீஸரில் எத்தனை நாள் வைக்கலாம்?
(வாசகர், திருச்சி)

பதில்: ஃப்ரீஸரில் இல்லாமல் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் என்றால் ஒன்றிரண்டு நாள் போதும். ஃப்ரீஸர் -18 டிகிரியில் இருந்தால், எண்ணெய்ச் சத்துள்ள மத்தி, கானாங்கெளுத்தி ஆகியவற்றை இரண்டு மூன்று மாதம் வைக்கலாம். அதற்குமேல் கெட்டுப்போகாவிட்டாலும் எண்ணெயில் சிக்கு வாடை வந்துவிடும். கொழுப்புக் குறைந்த மீன் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். ஒரு வேளைக்கு வேண்டிய அளவாகப் பிரித்து, காற்றில்லாமல் சுற்றி, தேதி எழுதி வையுங்கள். எடுக்கும்போது முதல் நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டால், காலையில் குழம்புக்குத் தயாராக இருக்கும்.