படப்பிடிப்புக்கு வீடு – கடிதம்

அன்புள்ள சார்,

நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டை ஒரு படத்தின் படப்பிடிப்புக்குக் கேட்கிறார்கள். கதாநாயகனின் பூர்வீக வீடு அதுதானாம். 20 நாள் வேண்டும் என்கிறார்கள். தாத்தா கட்டிய வீடு, இப்போது அம்மா மட்டும் இருக்கிறார். தம்பிக்கு ரொம்ப விருப்பம். எப்படியும் இன்னும் சில வருடங்களில் விற்கத்தான் போகிறோம், படத்திலாவது நம் வீடு காலத்துக்கும் இருக்கட்டுமே என்கிறான். அதைக் கேட்டதும் எனக்கும் மனசு இளகிவிட்டது. ஆனால் முன்பின் தெரியாத நூறு பேர் உள்ளே நடமாடுவதை நினைத்தால் பயமாக இருக்கிறது. பணத்துக்காக வீட்டைக் கொடுக்கிறோமே என்று ஒரு கூச்சமும் இருக்கிறது. அம்மாவைக் கேட்டால், "உங்களுக்குச் சரின்னா எனக்கும் சரி" என்கிறார். நீங்கள் சினிமாவில் வேலை செய்தவர் என்பதால் கேட்கிறேன். என்ன செய்யலாம்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கூச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். பணம் வாங்குவதில் தப்பே இல்லை, நன்றாகப் பேசி வாங்குங்கள். எனக்கு உறுத்துவது உங்கள் தம்பி சொல்லும் காரணம்தான்.

படத்தில் உங்கள் வீடு இருக்காது. உங்கள் சுவர்களுக்குள் வேறு யாருடைய வீடோதான் இருக்கும். லொக்கேஷன் பார்க்க வந்தவர்கள் "இப்படியே இருக்கட்டும், எதையும் மாத்த வேண்டாம்" என்று சொல்லியிருப்பார்கள், சொன்ன நேரத்தில் அது உண்மையும்கூட. அப்புறம் ஆர்ட் டைரக்டரின் ஆட்கள் வருவார்கள். நான் வசனம் எழுதப் போயிருந்த ஒரு படத்தில், யூனிட் வருகிறதே என்று வீட்டுக்காரர் தன் கைக்காசைப் போட்டு வீடு முழுக்க வெள்ளையடித்து வைத்திருந்தார். கதைப்படி அது நொடித்துப்போன குடும்பம். வந்த முதல் நாளே கூடத்துச் சுவரில் பழுப்புச் சாயத்தைத் தெளித்து, ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றி, கூரையிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கிய மாதிரி ஒரு கறையை உண்டாக்கிவிட்டார்கள். அவ்வளவு தத்ரூபம். மனிதர் அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார், நிஜமாகவே ஒழுகுகிறதோ என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது போல. அவருடைய அப்பாவின் படம் மாட்டியிருந்த ஆணியில் அதே அளவில் ஒரு நடிகரின் படம் ஏறியது. ராத்திரி யூனிட் கிளம்பியதும் அவர் தன் சாய்வு நாற்காலியைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டுக்கொள்வார், காலையில் ஓர் உதவி இயக்குநர், கன்டின்யூட்டிக்காக, அதாவது முந்தின நாள் எடுத்த காட்சியோடு பொருட்களின் இடம் பொருந்துவதற்காக, எடுத்து வைத்த புகைப்படத்தைப் பார்த்து அதை மறுபடி ஜன்னல் பக்கம் தள்ளுவார். இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

சரி, மாற்றங்களை விடுங்கள். உங்கள் வீட்டில் எடுக்கிறார்கள் என்பதற்காக எல்லாவற்றையும் அங்கேயே எடுப்பார்கள் என்றும் இல்லை. 1958-இல் வெளிவந்த 'ஜல்சாகர்' படத்துக்காக சத்யஜித் ராய் நிறைய ஜமீன் மாளிகைகளைப் பார்த்துவிட்டு, கடைசியில் முர்ஷிதாபாத் மாவட்டத்தில் பத்மா ஆற்றங்கரையில் இருந்த நிம்திதா மாளிகையைப் பிடித்தார். படத்தின் மூலக்கதையை எழுதிய தாராசங்கர் பந்தோபாத்யாய் தன் கதையின் ஜமீன்தாரை எழுதியதே அந்த மாளிகைக் குடும்பத்தில் முன்பு வாழ்ந்த ஒருவரை மனதில் வைத்துத்தான் என்று அதற்குப் பிறகே ராய்க்குத் தெரியவந்தது. இதைவிட ஒரு வீடும் கதையும் பொருந்த முடியுமா? அப்படி அமைந்தும்கூட, படத்துக்கே பெயர் தந்த அந்த இசைக்கூடம் அங்கே இருந்ததல்ல. நிஜக் கூடம் போதாது என்று ராயின் ஆர்ட் டைரக்டர் பன்சி சந்திரகுப்தா ஸ்டுடியோவில் போட்ட செட் அது.

'ஹோம் அலோன்' என்ற ஹாலிவுட் படத்தில் வரும் வீடு சிகாகோவுக்குப் பக்கத்தில் வின்னெட்காவில் இருக்கிறது, ஆனால் உள்ளே நடக்கும் காட்சிகளில் பெரும்பகுதி மூடிக்கிடந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குள் போட்ட செட்டில் எடுத்தது. தண்ணீர் நிரம்பிய நிலவறை அந்தப் பள்ளியின் நீச்சல் குளம். எனக்கு ரொம்பப் பிடித்தது 'தி பிராடி பஞ்ச்' என்ற பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் வீட்டுக்கு நேர்ந்த கதை. லாஸ் ஏஞ்சல்ஸில் இருக்கும் ஒரு வீட்டின் வெளிப்புறத்தை மட்டும் காட்டினார்கள், உள்ளே எல்லாம் செட். 2018-இல் ஒரு தொலைக்காட்சி நிறுவனம் அந்த வீட்டையே வாங்கி, உள்ளே இருந்ததைப் பிரித்துப் போட்டுவிட்டு, பழைய செட் எப்படி இருந்ததோ அப்படியே கட்டியது. யாரோ பல வருடம் சமைத்துச் சாப்பிட்டு வாழ்ந்த உள்பக்கம் போய், யாருமே வாழாத உள்பக்கம் வந்துவிட்டது. ரசிகர்களுக்கு அதுதான் அசல்.

ஆகவே வீடு நிலைத்திருக்க வேண்டும் என்பதுதான் ஆசையென்றால், யூனிட் வருவதற்கு முன்னால் நீங்களே எடுத்துவிடுங்கள். கைபேசி போதும். அம்மாவை முன்னால் நடக்கவிட்டு, ஒவ்வொரு அறையாக, இது யார் படுத்த இடம், இந்தக் கீறல் எப்படி வந்தது என்று அவரைப் பேசவிட்டு எடுங்கள். வெட்டாதீர்கள், இசை சேர்க்காதீர்கள், டிரோன் வேண்டவே வேண்டாம். இதில் ஒரு லாபமும் உண்டு: பிறகு எது உடைந்தது, எது ஏற்கனவே உடைந்திருந்தது என்று படத்தின் மேனேஜரோடு வாக்குவாதம் வந்தால் இதே வீடியோதான் சாட்சி.

இப்போது ஒப்பந்தம். 20 நாள் என்றால் ஷூட்டிங் மட்டுமா, செட் வேலைக்கும் பிரிப்பதற்கும் ஆகும் நாட்களும் சேர்த்தா என்று முதலில் கேளுங்கள், சண்டை பெரும்பாலும் அங்கேதான் வருகிறது. படம் எடிட் ஆகும்போது ஏதாவது குறைந்தால் பேட்ச் ஒர்க் என்று திரும்ப வருவார்கள், அந்த நாளுக்கும் இப்போதே வாடகை பேசி எழுதுங்கள், அதுவரை பெயின்ட்டை மாற்றக் கூடாது என்பார்கள், அதற்கும் ஒரு கெடு வையுங்கள். வாடகை வேறு, சேதத்துக்கான டெபாசிட் வேறு. மின்சாரம் அவர்களுடைய ஜெனரேட்டர் வண்டியிலிருந்துதான் வர வேண்டும், உங்கள் மீட்டரிலிருந்து ஒரு ஒயர்கூட இழுக்கக் கூடாது. கேமரா ஓடும் டிராலி தண்டவாளத்துக்கும் லைட் ஸ்டாண்டுகளுக்கும் அடியில் பலகையோ ரப்பர் விரிப்போ போட வேண்டும், தரைதான் முதலில் அடிவாங்கும். இருபக்க டேப்பை உரித்தால் சுவர்ப்பூச்சும் கூடவே வரும். காப்பீட்டைத் தயாரிப்புத் தரப்பே எடுக்கட்டும், உங்கள் வீட்டுக் காப்பீடு இந்த மாதிரி வணிகப் பயன்பாட்டுக்குச் செல்லாமல் போகலாம். வீட்டில் பங்குள்ள எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள், இல்லையென்றால் பாதி ஷூட்டிங்கில் ஒரு சித்தப்பா வந்து நிற்பார். எடுத்த காட்சிகளின் உரிமை எப்போதைக்கும் அவர்களுக்குத்தான், அதில் மாற்றம் கேட்டால் கிடைக்காது. உங்கள் வீட்டைப் பார்த்து செட் போட்டுக்கொள்ளும் உரிமையையும் சிலர் ஒரு வரியில் சேர்த்துவிடுவார்கள், அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அந்த வீட்டில் கதைப்படி என்ன நடக்கிறது என்றும் கேளுங்கள். விற்கப் போகிற வீட்டில் பேய்ப்படம் எடுப்பது புத்திசாலித்தனம் இல்லை. படம் ஓடிவிட்டால் இன்னொரு தொல்லை. 'பிரேக்கிங் பேட்' என்ற அமெரிக்கத் தொடரில் நாயகன் கோபத்தில் ஒரு பீட்சாவைக் கூரைமேல் வீசுவான். அல்புகெர்க்கியில் இருக்கும் அந்த வீட்டின்மேல் ரசிகர்கள் நிஜமாகவே பீட்சா வீச ஆரம்பித்தார்கள், தயவுசெய்து நிறுத்துங்கள் என்று தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகனே சொல்ல வேண்டியிருந்தது, கடைசியில் 2017-இல் வீட்டுக்காரர்கள் இரும்பு வேலி போட்டுக்கொண்டார்கள். முகவரியை விளம்பரங்களில் சொல்லக் கூடாது என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். முழுக்கக் காப்பாற்றாது, ஓரளவு உதவும்.

உங்கள் பயமெல்லாம் பொருளைப் பற்றியது. பொருளுக்கு ஒப்பந்தம் இருக்கிறது. அம்மா அந்த 20 நாளும் எங்கே இருக்கப் போகிறார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அங்கேயே ஒரு அறையில் இருக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். தண்ணீர் குடிக்கக் கூடத்துக்கு வந்தால் "அம்மா, ஃப்ரேம்ல வர்றீங்க, கொஞ்சம் உள்ள போங்க" என்று இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் சொல்வான். மரியாதையாகத்தான் சொல்வான். ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வான். உங்களோடு கூட்டிப் போய் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன், கொடுக்கலாமா என்று அவரிடம் மறுபடி கேட்காதீர்கள், அதே பதில்தான் வரும். எந்தெந்த அறையைப் பூட்டி வைக்கலாம் என்று கேளுங்கள். ஒன்றிரண்டு சொன்னால் தாராளமாகக் கொடுங்கள். யோசித்து யோசித்து ஒவ்வொன்றாக எல்லா அறையையும் சொன்னால், யூனிட்டை வேறு வீடு பார்க்கச் சொல்லிவிடும்படி தம்பியிடம் சொல்லிவிடுங்கள்.