வாசகர் கேள்வி – பதில்: பிள்ளைகளோடு வனப் பூங்காவில் ஒரு நாள்

கேள்வி: நகரத்தை ஒட்டியுள்ள வனப் பூங்கா ஒன்றுக்குக் குடும்பத்தோடு போகப்போகிறோம். அங்கே ஐந்து கிலோமீட்டர் சுற்றுப்பாதை ஒன்றும், ஒன்றரை கிலோமீட்டர் பாதை ஒன்றும் இருக்கின்றன. பையனுக்கு நாலு வயது, பெண்ணுக்கு ஒன்பது. பெரிய பாதையில் போகலாமா?

வேண்டாம், சின்னப் பாதையே போதும். நாலு வயதுப் பிள்ளை மணிக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கும் என்று வைத்துக்கொண்டாலும், அது நிற்காமல் நடந்தால்தான். காட்டுக்குள் எந்தப் பிள்ளையும் நிற்காமல் நடக்காது. எறும்பு வரிசையைப் பார்த்தால் உட்காரும், நல்ல குச்சி கிடைத்தால் அதைத் தூக்கிக்கொண்டு வரும். அப்படி நிற்பதற்காகத்தானே போகிறீர்கள்? அதனால் ஒன்றரை கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். அதற்கு மேலும் ஆகலாம்.

சுற்றுப்பாதையில் இன்னொரு சிக்கல் உண்டு. பாதி தூரம் போனபின் பிள்ளை களைத்துவிட்டால், முன்னே போனாலும் திரும்பி வந்தாலும் தூரம் ஒன்றுதான். நாலு வயதுப் பிள்ளையை இரண்டு கிலோமீட்டருக்கு மேல் தோளில் சுமந்து வருவது லேசான வேலை இல்லை. போன வழியே திரும்பும் பாதையாக இருந்தால் நினைத்த இடத்தில் திரும்பிவிடலாம். பிள்ளை சிணுங்கத் தொடங்கிய பிறகு திரும்பலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். அதுவே தாமதம், ஏனென்றால் வந்த தூரம் முழுவதும் இன்னும் பாக்கி இருக்கிறது. பிள்ளை வழக்கமாக மூன்று மணி நேரம் உற்சாகமாக இருக்கும் என்றால், முதல் ஒரு மணி நேரம் முடிந்ததும் திரும்புங்கள். திரும்ப ஒரு மணி நேரம் ஆகும், மீதி ஒரு மணி நேரம் கையிருப்பு.

ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இந்த வேகம் சலிக்கும். வரைபடத்தையும் கைக்கடிகாரத்தையும் அவளிடம் கொடுத்து, திரும்பும் நேரத்தைச் சொல்லும் பொறுப்பை விட்டுவிடுங்கள். உண்மையான வேலை கையில் இருந்தால் அந்த வயதுப் பிள்ளை தம்பிக்காகக் காத்திருக்கும்.

தண்ணீர், மிதமான வெயிலில் நடக்கும் பெரியவருக்கு மணிக்கு அரை லிட்டர், பிள்ளைக்குக் கால் லிட்டர் என்று எடுங்கள். கடும் வெயில் என்றால் கூட்டிக்கொள்ளுங்கள். தாகம் எடுத்ததும் கேட்கட்டும் என்று விடாமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை சில மிடறு குடிக்க வையுங்கள். விளையாட்டு மும்முரத்தில் பிள்ளைகள் தாகத்தை மறந்துவிடுவார்கள்.

காலணி பழகியதாக இருக்கட்டும். இந்தப் பயணத்துக்கென்றே புதிது வாங்கிப் போட்டு அழைத்துப் போவது கொப்புளத்தில் முடியும். "உறுத்துது" என்று பிள்ளை சொன்னால், அடுத்த வளைவு வரை நடக்கச் சொல்லாமல் அங்கேயே காலணியைக் கழற்றிப் பாருங்கள். தோல் சிவந்திருக்கும்போதே பிளாஸ்திரி ஒட்டினால் கொப்புளம் வராது. நனைந்த காலுறை தோலை உரசிப் புண்ணாக்கும் என்பதால் ஆளுக்கு ஒரு மாற்று ஜோடி பையில் இருக்கட்டும்.

கேள்வி: போன முறை பதினொரு மணிக்குப் போனோம். ஒரு பறவைகூடக் கண்ணில் படவில்லை. பிள்ளைகளுக்கு ஏமாற்றம். எங்கே தவறினோம்?

தவறு நேரத்தில்தான். பறவைகள் பாடுவதும் இரை தேடுவதும் சூரியன் உதித்த முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் அதிகம். வெயில் ஏறினால் நிழலில் அடங்கிவிடும். பாலூட்டிகளில் பல அந்திசந்தியில்தான் நடமாடும். வாயில் திறக்கும் நேரத்தைக் கேட்டு, திறந்ததும் உள்ளே போங்கள்.

விடியலில் கிளம்ப முடியாத குடும்பங்கள் பறவையை விட்டுவிட்டு வண்ணத்துப்பூச்சியைத் தேடலாம். உடல் சூடேறாமல் அதனால் பறக்க முடியாது. வெயில் வந்தபின்தான் சிறகை விரித்துக் காய்ந்துவிட்டுக் கிளம்பும். தும்பியும் பல்லி, ஓணான் வகைகளும் அப்படியே. பத்து மணிக்கு மேல், மரங்கள் முடிந்து வெட்டவெளி தொடங்கும் விளிம்பிலும் ஈரமண் உள்ள இடத்திலும் நின்று பாருங்கள்.

விழுந்து மக்கிய மரக்கட்டையைத் தேடுவதும் எந்த நேரத்துக்கும் ஆகும். பூங்கா விதி அனுமதித்தால் பெரியவர் ஒருவர் அதை மெல்லப் புரட்டட்டும். தன் பக்கமாக உருட்ட வேண்டும். அப்போது அடியில் பாம்போ தேளோ இருந்தால் கட்டை குறுக்கே நிற்கும், அது மறுபக்கமாக ஓடிவிடும். விரலைக் கட்டைக்கு அடியில் நுழைக்காமல், மேல்விளிம்பைப் பிடித்தோ கொக்கிக் குச்சியாலோ இழுங்கள். பிள்ளைகள் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். மரவட்டை, பூரான், வண்டுப் புழு எல்லாம் பார்த்தபின் கட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வையுங்கள். அந்த ஈரம் போனால் அவற்றில் பல காய்ந்து செத்துவிடும்.

பைனாகுலர் வாங்குவதாக இருந்தால் 8×32 போதும். முதல் எண் எத்தனை மடங்கு, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். மடங்கு கூடினால் கை நடுக்கமும் கூடித் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். 10 மடங்கு வாங்கித் தந்தால் பிள்ளைக்கு இலைதான் ஆடும், பறவை அகப்படாது. செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைக்கும் பழக்கம் இப்போது பரவுகிறது, தயவுசெய்து செய்யாதீர்கள். எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டது என்று நம்பிக் கூட்டையும் குஞ்சையும் விட்டுவிட்டு அது விரட்ட வருகிறது.

கேள்வி: பூங்கா மான்களுக்கு பிஸ்கட், ரொட்டி கொடுக்கலாமா? அவை கையிலிருந்தே வாங்கித் தின்கின்றன.

கொடுக்கக் கூடாது. மானும் மாட்டைப் போல அசைபோடும் விலங்கு. அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் இலை தழையைப் புளிக்கவைத்துத்தான் அதற்குச் சத்தாக்கித் தருகின்றன. மாவும் சர்க்கரையும் திடீரென்று நிறையப் போனால் அவை வேகமாகப் புளித்து அமிலம் பெருகும், இரைப்பையே வேலை நிறுத்திவிடும். மான் சாகக்கூடும். ஒரு குடும்பம் கொடுப்பது ஒரு துண்டுதான், ஆனால் விடுமுறை நாளில் எத்தனை குடும்பங்கள் வருகின்றன! உறை ஒட்டிய துண்டை உறையோடு விழுங்கினால் பிளாஸ்டிக் இரைப்பையிலேயே தங்கி அடைத்துக்கொள்ளும். பழத்தோல்கூட மக்க மாதக்கணக்கில் ஆகும், அதையும் பையில் போட்டு வெளியே கொண்டுவாருங்கள்.

கேள்வி: அட்டைக்கும் உண்ணிக்கும் பயந்தே மாமியார் வர மறுக்கிறார். என்ன செய்வது?

முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைக் காலுறைக்குள் செருகினால் பாதி பயம் தீரும். புல் உரசாமல் பாதையின் நடுவில் நடங்கள். டீட் கலந்த பூச்சி விரட்டி என்றால் 20 முதல் 30 சதவீதம் உள்ளது சில மணி நேரம் தாங்கும். முதலில் வெயில் களிம்பு, அது காய்ந்தபின் விரட்டி. பிள்ளை முகத்தில் நேராகத் தெளிக்காமல் உங்கள் கையில் எடுத்துத் தடவுங்கள். அவர்கள் உள்ளங்கையில் வேண்டாம், அது வாய்க்குப் போகும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்குப் போடவே கூடாது.

அட்டை கடித்தால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். அது உள்ளிருப்பதைப் புண்ணிலேயே கக்கிவிடக்கூடும். மெல்லிய முனைப் பக்கம் நகத்தைச் செருகித் தள்ளினால் பிடி விட்டுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கசிவு சற்று நேரம் நிற்காது. துணியால் அழுத்திப் பிடித்தால் போதும்.

உண்ணி வேறு. நுனி கூர்மையான ட்வீசரால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் ஒரே சீராக மேலே இழுங்கள். எண்ணெய் தடவிக் காத்திருக்க வேண்டாம், சீக்கிரம் எடுப்பதே முக்கியம். சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால் உண்ணி கடித்த நாளை மருத்துவரிடம் சொல்லுங்கள். வீடு திரும்பியதும் அக்குள், காதுமடலின் பின்புறம், முழங்கால் மடிப்பு, தலைமுடி ஆகிய இடங்களைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

கேள்வி: பிள்ளை வழி தவறிவிட்டால்?

கிளம்பும் முன்னே ஒரு பாடம் சொல்லிக்கொடுங்கள்: "எங்களைக் காணோமா? ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நில்." தேடுவோருக்குப் பெரிய இடைஞ்சல், பிள்ளை நகர்ந்துகொண்டே இருப்பதுதான். கழுத்தில் ஒரு விசில் மாட்டி, மூன்று முறை ஊதப் பழக்குங்கள். கத்தும் குரல் சீக்கிரம் கம்மிவிடும், விசில் ஓயாது. வாயிலிலேயே பிள்ளையை முழு உருவமாக ஒரு படம் எடுத்துக்கொண்டால் அன்றைய சட்டை நிறம் காவலரிடம் சொல்ல உதவும். உங்கள் தொலைபேசி எண்ணைப் பிள்ளையின் முன்கையில் பேனாவால் எழுதிவிடுங்கள்.

கேள்வி: திடீரென்று இடி மின்னல் வந்தால் மரத்தடியில் நிற்கலாமா?

கூடாது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது விநாடிக்குக் குறைவு என்றால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே கட்டடத்துக்கோ, கண்ணாடி ஏற்றிய காருக்கோ போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழிந்தபின்தான் வெளியே வரலாம். இடி மின்னல் இல்லாத நேரத்தில் மரத்தடியில் பாய் விரிக்கும் முன்பும் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். இலையில்லாத பட்ட கிளையோ, அடிமரத்தில் தட்டுத்தட்டாகக் காளானோ தெரிந்தால் வேறு மரம் தேடுங்கள். காளான் இருந்தால் உள்மரம் உளுத்துப்போயிருக்கக்கூடும். பட்ட கிளை விழக் காற்றுகூட வேண்டாம்.