பிரஷரும் மறதிநோயும்: அமெரிக்க லத்தீனோ முதியவர்கள் பற்றி வந்த கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவில் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வழிவந்த) முதியவர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கும் நம் வாசகர்களுடையவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் பராமரிப்பில் உள்ள ஒரு அம்மாவுக்கு பிரஷர் 150. மெக்சிகோக்காரர். டிமென்ஷியா (மறதிநோய்) வருமா?

பதில்: வயது எழுதவில்லை. கீழ் அளவு எழுதவில்லை. எப்படி, எத்தனை தடவை அளந்தீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. இதை வைத்துக்கொண்டு ஒருவருடைய மூளையின் எதிர்காலத்தை எப்படிச் சொல்வது?

முதலில் ஒழுங்காக அளந்து பாருங்கள். அளப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, சிகரெட் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதமும் தரையில் படிய ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பிரஷர் கருவியின் கைப்பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றக் கூடாது. கை மேசைமேல், பட்டை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். கையை மடியில் வைத்தால் மேல் அளவு 4 கூடும். தொங்கவிட்டால் 6, 7 கூடும். பட்டையின் அளவு இதைவிட முக்கியம். மேல்கைச் சுற்றளவு 32 செ.மீ.க்கு மேல் இருந்தால் பெரிய பட்டை, 40ஐத் தாண்டினால் மிகப் பெரிய பட்டை. மிகப் பெரியது தேவைப்படும் கையில் சாதாரணப் பட்டையைச் சுற்றினால் 20 வரை பொய்யாக ஏறும். உங்கள் 150 உண்மையில் 130ஆக இருக்கலாம். காலை இரண்டு, மாலை இரண்டு என ஏழு நாள் எடுத்து, முதல் நாளைத் தள்ளிவிட்டுச் சராசரி போடுங்கள். வயதோடு அதை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: மூளையைக் காப்பாற்ற எந்த பிரஷர் மாத்திரை சிறந்தது?

பதில்: விடாமல் சாப்பிட முடிகிற மாத்திரை. ஆம்லோடிபின், லோசார்டன், லிசினோபிரில், நீர் மாத்திரை எல்லாவற்றையும் பல ஆய்வுகளின் தரவுகளைத் திரட்டி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள். டிமென்ஷியா விஷயத்தில் ஒன்று மற்றொன்றைவிட மேல் என்று தெரியவில்லை. அளவு இறங்குவதுதான் காரியம். லிசினோபிரிலில் வறட்டு இருமல் வந்தாலும், ஆம்லோடிபினில் கணுக்கால் வீங்கினாலும் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். நினைவைக் கெடுக்கும் மாத்திரை வேறு இடத்தில் இருக்கிறது. கடையில் சீட்டில்லாமல் கிடைக்கும் தூக்க மாத்திரைகளில் பெரும்பாலும் டைபென்ஹைட்ரமின்தான். 65 தாண்டியவரின் அலமாரியில் அது இருக்கவே கூடாது.

கேள்வி: லத்தீனோக்களுக்கு டிமென்ஷியா அதிகம் என்கிறார்கள். அது அவர்களுடைய ஜீன்தானே? பிரஷரைக் குறைத்து என்ன ஆகிவிடப் போகிறது?

பதில்: ஏதாவது ஒரு வடிவில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன். அமெரிக்காவில் வயதான வெள்ளையர்களோடு ஒப்பிட்டால் வயதான ஹிஸ்பானிக், அதாவது லத்தீனோ, மக்களுக்கு டிமென்ஷியா சுமார் ஒன்றரை மடங்கு என்பது சரிதான். ஆனால் ‘ஹிஸ்பானிக்’ என்பது அரசாங்கப் படிவத்தில் உள்ள ஒரு கட்டம். ஒரு ரத்த வழியைக் குறிப்பதல்ல. ஆப்பிரிக்க வம்சாவளி கணிசமாக உள்ள நியூயார்க்கின் டொமினிக்கன் பாட்டியும், பூர்வகுடி வம்சாவளி கூடுதலாக உள்ள சாக்ரமென்டோவின் மெக்சிகோத் தாத்தாவும், மயாமியின் கியூபாக்காரரும் அந்த ஒரே கட்டத்தில்தான் டிக் போடுகிறார்கள்.

2008 முதல் 2011 வரை பிராங்ஸ், சிகாகோ, மயாமி, சான்டியாகோ ஆகிய நான்கு இடங்களில் 16,000க்கும் மேற்பட்ட லத்தீனோக்களைச் சேர்த்துத் தொடங்கிய பெரிய ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. டொமினிக்கன், போர்ட்டோ ரிக்கோ, கியூபா மக்களிடம் உயர் ரத்த அழுத்தம் அதிகம். தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்களிடம் குறைவு. சர்க்கரை நோய் தென் அமெரிக்கர்களில் 10 சதவீதம், மெக்சிகோ வழியினரில் 18. ஜீன் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இவர்களில் யாருடைய ஜீனைச் சொல்கிறார்கள்? டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் என்றதும் எல்லோரும் சுட்டும் அப்போஈ-4 மரபணுவின் தாக்கம் கரீபிய ஹிஸ்பானிக் மக்களிடம் வெள்ளையர்களைவிடக் குறைவாகவே தெரிகிறது. கொலம்பியாவின் அந்தியோக்கியா பகுதியில், நாற்பதுகளிலேயே மறதி தொடங்கும் பிரசெனிலின்-1 மரபணு மாற்றம் கொண்ட குடும்பங்கள் உண்டு. அது ஒரு பெரிய வம்சத்தின் துயரம். அதை ஒரு கண்டத்துக்கே பொருத்த முடியாது.

அதே நான்கு நகர ஆய்வின் இன்னொரு கணக்கைப் பாருங்கள். உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது இருப்பதை அறிந்தவர்கள் முக்கால்வாசி. மருந்து எடுப்பவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அளவு கட்டுக்குள் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். காப்பீடு இல்லாதவர்களிடம் நிலைமை இன்னும் மோசம். மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தடித்து, அவை ஊட்டும் வெண்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக அழிய இருபது முப்பது வருடம் ஆகும். நாற்பது வயதில் கூரை வேலைக்குப் போகிறவர் 155 அளவோடு இருபது வருடம் மருந்தில்லாமல் உழைத்துவிட்டு, எழுபதில் வழி மறந்து நிற்கிறார். அவரிடம் போய் ‘உங்கள் ஜீன்’ என்று சொல்வது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது, ஏனென்றால் தடுத்திருக்கக்கூடிய ஒன்றைத் தலையெழுத்தாக்கிவிடுகிறது அந்தச் சொல்.

இன்னொரு காரணமும் உண்டு. லத்தீனோக்களின் சராசரி ஆயுள் அமெரிக்க வெள்ளையர்களைவிட இரண்டு மூன்று வருடம் கூட. அதனால் டிமென்ஷியா வரும் வயதை எட்டுகிறவர்களும் அதிகம்.

செய்ய வேண்டியது எளிமையானது. வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ மையங்கள் உண்டு. லிசினோபிரில், ஆம்லோடிபின் போன்ற பொதுப்பெயர் மாத்திரைகள் பெரிய கடைகளின் மருந்தகங்களில் மலிவாகவே கிடைக்கும். 30 நாளுக்கு எழுதித் தராமல் 90 நாளுக்கு எழுதச் சொல்லுங்கள். பகலில் லீவு கிடைக்காத தொழிலாளி மாதாமாதம் கடைக்கு வர மாட்டார், இடையில் மாத்திரை நின்றுபோகும்.

கேள்வி: மேல் அளவை 120க்குக் கீழே இறக்கினால் டிமென்ஷியா வராது என்று ஸ்பிரிண்ட் மைண்ட் ஆய்வு நிரூபித்துவிட்டதாமே?

பதில்: நிரூபிக்கவில்லை. 2019இல் வெளியான அந்த முடிவில், 120க்குக் கீழ் இலக்கு வைத்தவர்களிடம் லேசான அறிவாற்றல் குறைபாடு (டிமென்ஷியாவுக்கு முந்தைய நிலை) 19 சதவீதம் குறைந்தது; இது உறுதியான முடிவு. டிமென்ஷியா 17 சதவீதம் குறைவாகத் தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இதயத்துக்கு நல்ல பலன் தெரிந்ததால் சிகிச்சையைச் சுமார் மூன்றேகால் வருடத்திலேயே நிறுத்திவிட்டதும் அதற்கு ஒரு காரணம். உங்கள் நோயாளிகளுக்குப் பொருத்தும் முன் இரண்டைக் கவனியுங்கள்: 9,300 சொச்சம் பேரில் ஹிஸ்பானிக் மக்கள் பத்தில் ஒரு பங்குதான், சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. மேலும் அங்கே ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் தானியங்கிக் கருவியில் மூன்று தடவை அளந்தார்கள். கிளினிக்கில் ஓடிவந்தவுடன் எடுத்த எண்ணை அந்த 120 உடன் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: நான் கவனிக்கும் பாட்டி சாப்பாட்டில் உப்பே போடுவதில்லை. மாத்திரையும் தவறாமல் எடுக்கிறார். பிரஷர் இறங்கவில்லையே?

பதில்: உப்பு டப்பாவைப் பார்த்தது போதாது, அலமாரி முழுவதையும் பாருங்கள். மெக்சிகோக் குடும்பங்களில் நெஞ்சு கரித்தால் உடனே கலக்கிக் குடிப்பது சால் தே உவாஸ் என்னும் நுரைக்கும் உப்புப்பொடி. அதில் இருப்பது சோடியம் பைகார்பனேட். ஒரு டீஸ்பூன் சமையல் சோடாவில் சுமார் 1,250 மி.கி. சோடியம், ஒரு நாளின் உச்சவரம்பான 2,300இல் பாதிக்கு மேல். அடுத்து சூப் கட்டி. ஒன்றில் ஏறக்குறைய 1,000. அடோபோ, சஸோன் மசாலாப் பொடிகளில் முதல் பொருளே பெரும்பாலும் உப்பு. டின் பீன்ஸை வடிகட்டிக் குழாயடியில் அலசினால் சோடியத்தில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். கெசோ ஃப்ரெஸ்கோ என்னும் பாலாடைக்கட்டி, சொரீஸோ என்னும் இறைச்சிக் குழல் இரண்டையும் குறையுங்கள். முட்டிவலிக்கு ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் எடுக்கிறாரா? அவை பிரஷரை ஏற்றும், லோசார்டன் வகை மாத்திரைகளின் வேலையையும் கெடுக்கும். உப்புக்கு மாற்றாக விற்கும் பொட்டாசியம் உப்பை லோசார்டன், லிசினோபிரில் எடுப்பவருக்கோ சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கோ டாக்டரைக் கேட்காமல் கொடுக்கவே வேண்டாம். இவை எல்லாம் இல்லையென்றால், கைப்பட்டையின் அளவைப் பாருங்கள். முதல் பதிலில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நினைவுச் சோதனைக்குப் பேத்தியை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

பதில்: கூடாது. பாட்டி தடுமாறினால் பேத்தி குறிப்புக் கொடுப்பாள், தப்பான பதிலைச் சரியாக்கிச் சொல்வாள், பாசத்தில் செய்வது. மத்திய அரசு நிதி பெறும் மருத்துவமனைகள் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரை இலவசமாகத் தர வேண்டும், அவசரத்தைத் தவிரச் சிறுவர்களை அந்த வேலைக்கு வைக்கக் கூடாது என்பது சட்டம். தொலைபேசி வழியாகவாவது கேட்டு வாங்குங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கத் தடுமாறுவதை டிமென்ஷியா என்று எழுதிவிடுகிறார்கள். முன்பு செய்ததில் இப்போது எது முடியவில்லை என்று குடும்பத்தாரிடம் தனியாகக் கேளுங்கள். சில்லறை கணக்குத் தவறுகிறதா, மோலே என்னும் மெக்சிகோக் குழம்பு செய்யும்போது வரிசை மறக்கிறதா, அதே மாத்திரையை இரண்டு முறை போடுகிறாரா? சாக்ரமென்டோவில் 1998இல் தொடங்கிய லத்தீனோ முதியோர் ஆய்விலும் சோதனை மதிப்பெண்ணோடு இப்படிக் குடும்பத்தாரிடம் கேட்டறியும் வினாநிரலையும் சேர்த்தே பார்த்தார்கள்.

கேள்வி: 84 வயதுத் தாத்தா, ஏற்கெனவே டிமென்ஷியா. மேல் அளவு 112. எழுந்தால் தலை சுற்றுகிறது. வயதானவர்களுக்கு பிரஷர் அதிகம் இருப்பதே மூளைக்கு நல்லது என்று படித்தேன்.

பதில்: பாதி படித்திருக்கிறீர்கள். டிமென்ஷியா வெளிப்படுவதற்குச் சில வருடங்கள் முன்பே பிரஷர் தானாக இறங்கத் தொடங்கும், எடையும் குறையும். அதனால்தான் எண்பதுக்கு மேல் பார்த்தால் குறைந்த பிரஷர் நோயைக் கொண்டுவந்தது போலத் தோன்றுகிறது. இதை வைத்து ஐம்பது வயதுக்காரர் மாத்திரையை நிறுத்தினால் கெட்டது.

உங்கள் தாத்தாவுக்கு வேண்டியது வேறு. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்து, நிற்கவைத்து ஒன்றாம் நிமிடமும் மூன்றாம் நிமிடமும் அளவெடுங்கள். விழாமல் ஒருவர் பிடித்திருக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அந்தத் தாளோடு அதே வாரம் டாக்டரைப் பாருங்கள். புராஸ்டேட்டுக்கான டாம்சுலோசின், நீர் மாத்திரை, வெயில் காலத்தில் தண்ணீர் குடிக்காமை மூன்றையும் சொல்லுங்கள். குளோனிடின், மெட்டோப்ரோலால் போன்றவற்றை ஒரே நாளில் நிறுத்தினால் பிரஷர் எகிறும். படிப்படியாகக் குறைக்க வேண்டியவை அவை.

கேள்வி: மாத்திரைக்குப் பதில் ஹமைக்கா பானம் குடிக்கலாமா?

பதில்: சர்க்கரை போடாமல், மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாம். நம்மூர் சிவப்புப் புளிச்சை வகைதான் அது. சில புள்ளிகள் இறக்கும். 160ஐ 130ஆக்காது.

கேள்வி: எழுபது வயதில் மருந்து தொடங்கினால் மூளைக்குப் பயன் உண்டா, இல்லை காலம் கடந்துவிட்டதா?

பதில்: பயன் உண்டு. சீனக் கிராமங்களில் சுமார் 34,000 பேரிடம், கிராம வைத்தியர்களே மருந்தைக் கூட்டிக் குறைத்து 130/80க்குக் கீழ் கொண்டுவந்தார்கள். நான்கு வருடத்தில் டிமென்ஷியா 15 சதவீதம் குறைந்தது. பெரிய மருத்துவமனை தேவைப்படவில்லை. லத்தீனோ வட்டாரங்களில் அந்த வேலையில் கணிசமான பங்கைச் செய்யக்கூடியவர்கள் ப்ரொமோத்தோராக்கள் என்னும் சமூகச் சுகாதாரப் பணியாளர்கள். உங்கள் ஊர் மையத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், ஏழு நாள் அளவுத் தாளை அவரிடம் கொடுத்து, மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.