திறக்காத மூக்குக் கவசம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

செவ்வாய்க்குப் போன நாசாவின் மரைனர் 4 விண்கலம் பற்றிய கட்டுரையில், அதற்கு முன் ஏவிய மரைனர் 3 ‘கவசம் கழலாததால் வீணானது’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். கழலாவிட்டால், ராக்கெட் ஏறும்போது விண்கலத்தை மூடிக் காக்கும் அந்த மூக்குக் கவசத்தோடே செவ்வாய்க்குப் போகட்டுமே? பேட்டரியைக் கொஞ்சம் பெரிதாக வைத்திருந்தால் தப்பித்திருக்காதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பேட்டரியை முதலில் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மரைனரில் இருந்தது 1,200 வாட்-மணி வெள்ளி-துத்தநாக பேட்டரி. சூரிய ஒளியில் மின்சாரம் தரும் தகடுகள் விரியும்வரை சமாளிப்பதுதான் அதன் முக்கிய வேலை. செலவு 150 வாட் என்று வைத்தால் 8 மணி நேரம் வரும். 1964 நவம்பர் 5 அன்று ஏவிய மரைனர் 3 ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் பேசியது. மரைனர் 4 செவ்வாயை நெருங்க 228 நாள் பிடித்தது. அத்தனை நாளும் பேட்டரியிலேயே ஓட்ட, இதே அளவில் 680-க்கு மேல் வேண்டும். விண்கலத்தின் மொத்த எடையே சுமார் 260 கிலோ!

கவசத்தோடு போவதும் நடக்காது. நான்கு தகடுகளும் மேல்நோக்கி மடிந்து அதற்குள்தான் நிற்கின்றன. சூரியனையும் கனோபஸையும் (நம் அகத்திய நட்சத்திரம்) பார்த்துத் திசை பிடிக்கும் உணரிகளுக்கும் வெளி தெரியாது. இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் எடை. ராக்கெட்டின் மேலடுக்கான அஜீனாவுக்கு எரிபொருள் கணக்கிட்டது கவசம் போன பிறகு மிஞ்சும் எடைக்கு. கழலாத சுமையால் வேகம் குறைந்து, செவ்வாய்க்கான பாதையே கிடைக்கவில்லை. தரையிலிருந்து அனுப்பிய கட்டளைகளும் பலிக்கவில்லை.

ஏன் கழலவில்லை? எடையைக் குறைக்கக் கவசத்தைக் கண்ணாடியிழையில் செய்திருந்தார்கள்: இரண்டு மெல்லிய தோல்கள், நடுவே தேனடை போன்ற சிற்றறைகள். ராக்கெட் ஏற ஏற வெளி அழுத்தம் வேகமாகக் குறைகிறது; அறைகளில் அடைபட்ட காற்றுக்கோ போக வழியில்லை. காற்றைக் கிழித்துப் போவதால் ஏறும் சூடு வேறு. உள்தோல் பூரி மாதிரி உப்பி, தேனடையை விட்டு உரிந்து, விண்கலத்தில் சிக்கிக்கொண்டது. பிறகு பிணைப்பு விடுபட்டும் கவசம் நழுவ இடமில்லை. தரையில், சாதாரணக் காற்றழுத்தத்தில் எத்தனை தடவை கழற்றிப் பார்த்தாலும் இந்தக் கோளாறு தலைகாட்டாது.

செவ்வாய்க்கான ஏவுகாலம் ஏறத்தாழ 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். அந்த நவம்பரைத் தவறவிட்டால் 1967 வரை காத்திருக்கவேண்டும். அதனால் கண்ணாடியிழையைக் கைவிட்டு, மெக்னீசிய உலோகத்தில் புதுக் கவசம் செய்து மரைனர் 4-க்கு மாட்டினார்கள். நவம்பர் 28-ல் அது ஒழுங்காகக் கழன்றது.