கேள்வி - பதில்: ஓர் ஊர், இரண்டு ஷெரீப்புகள், காணாமல் போன ஒரு கவுன்ட்டி

கே: சென்ற இதழில், 'அமெரிக்காவில் இரண்டு மாநிலத்து ஷெரீப்புகள் ஒரே ஊருக்காகத் துப்பாக்கியால் சுட்டுக்கொண்ட கதையும் உண்டு' என்று ஒற்றை வரியில் சொல்லிவிட்டு வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டீர்கள். எந்த ஊர், என்ன தகராறு? (தென்காசி வாசகர்)

ப: முதலில் ஒரு திருத்தம். இரண்டு மாநிலம் என்று எழுதியது என் தவறு. ஒரு பக்கம் கலிபோர்னியா, அது 1850லேயே மாநிலமாகிவிட்டது. மறுபக்கம் நெவாடா, அது 1864 அக்டோபர் வரை வெறும் டெரிட்டரிதான், அதாவது மாநில அந்தஸ்து கிடைக்காத பகுதி, கவர்னரை வாஷிங்டனிலிருந்து நியமித்து அனுப்புவார்கள். கவுன்ட்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி, ஷெரீப் அதன் போலீஸ் தலைவர்.

ஊர், சூசன்வில். சியரா நெவாடா மலைத்தொடரின் கிழக்குப் பக்கம், ஹனி லேக் பள்ளத்தாக்கு. மாட்டுவண்டிகளில் பாலைவனத்தைக் கடந்து கலிபோர்னியாவுக்கு வந்தவர்கள் தண்ணீரையும் புல்லையும் கண்டு இளைப்பாறிய இடம். அங்கே 1854இல் ஐசக் ரூப் என்பவர் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு வீடு கட்டி, வருகிறவர்களுக்குச் சாமான் விற்க ஆரம்பித்தார். பக்கத்தில் இன்னும் சிலர் வந்து நிலம் பிடித்தார்கள். சரி, இந்த இடம் யாருடைய ஆட்சியில் இருக்கிறது? கலிபோர்னியாவின் ப்ளூமஸ் கவுன்ட்டி, எங்களுடையது என்றது. ஆனால் அதன் தலைநகரான குயின்சி மலைக்கு அந்தப் பக்கம் இருந்தது, பனிக்காலத்தில் வழியே அடைபட்டுவிடும். கலிபோர்னியா இல்லையென்றால் யூட்டா டெரிட்டரி, அதன் தலைநகரோ பாலைவனத்துக்கு அப்பால் நானூறு மைலுக்கும் மேல்.

1856 ஏப்ரலில் சுமார் இருபது பேர் ரூப் வீட்டில் கூடி, நாங்கள் அதுவும் இல்லை இதுவும் இல்லை என்று சொல்லி, 'நடாக்வா' என்ற பெயரில் தாங்களாகவே ஒரு டெரிட்டரியை அறிவித்தார்கள். யாரை என்ன பதவிக்குப் போட்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி: ரூப் பதிவாளர், பீட்டர் லாசென் என்ற டென்மார்க்காரக் கொல்லர் சர்வேயர். அதாவது யாருக்கு எந்த நிலம் என்று எழுதிவைக்க ஒரு கணக்குப்பிள்ளை, அளந்து காட்ட ஓர் ஆள். அந்தக் காலத்து எல்லைப்புறத்தில் அரசாங்கம் என்றால் பாதிக்கு மேல் இதுதான் என்பது என் எண்ணம். கொடி, கவர்னர், சட்டசபை எல்லாம் அப்புறம் வந்த அலங்காரம். 1859இல் இதே ரூப்பை நெவாடாப் பக்கத்து ஆட்கள் தற்காலிக கவர்னராகவும் தேர்ந்தெடுத்தார்கள், அதற்கும் வாஷிங்டனின் அங்கீகாரம் கிடையாது.

1861இல் நெவாடா உண்மையாகவே டெரிட்டரி ஆனது. அந்த ஆண்டு நவம்பரில் பிரித்த ஒன்பது கவுன்ட்டிகளில் சூசன்வில் பக்கத்துக்கு 'லேக்' என்று பெயர். அடுத்த ஆண்டு டிசம்பரில் அதையே 'ரூப் கவுன்ட்டி' என்று மாற்றினார்கள். வார்டு என்பவர் ஜட்ஜ், நெயிலி என்பவர் ஷெரீப். ப்ளூமஸ் சும்மா இருக்குமா? அவர்களுக்கும் அதே சூசன்வில்லில் ஒரு மாஜிஸ்திரேட் இருந்தார். அவர் விசாரணை நடத்தக்கூடாது என்று வார்டு உத்தரவு போட, அது கோர்ட் அவமதிப்பு என்று வார்டையும் நெயிலியையும் பிடித்துவரச் சொல்லி குயின்சி கோர்ட் தன் ஷெரீப் பியர்ஸை அனுப்பியது. இரண்டு பேருமே பதவியேற்ற ஷெரீப்புகள், இரண்டு பேர் கையிலும் கோர்ட் காகிதம்!

கடைசியில் 1863 பிப்ரவரி 15 அன்று ரூப் கவுன்ட்டி ஆட்கள் ரூப்பின் பழைய மரவீட்டுக்குள்ளும் பியர்ஸின் ஆட்கள் பக்கத்திலிருந்த ஒரு கொட்டகையிலும் பதுங்கிக்கொண்டு சில மணி நேரம் சுட்டுக்கொண்டார்கள். சிலருக்குக் காயம், உயிர்ச்சேதம் இல்லை. இதற்குப் பெயர் 'சேஜ்பிரஷ் போர்', அந்த வறண்ட பூமியில் எங்கே பார்த்தாலும் கிடக்கும் புதர்ச்செடியின் பெயர். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் புகுந்து நிறுத்தி, இரண்டு கவர்னர்களிடமும் முறையிடுவது என்று முடிவானது.

கே: எல்லை எது என்று சட்டத்தில் எழுதியிருக்காதா? (ஈரோடு வாசகர்)

ப: எழுதியிருந்தது, அதுவும் இரண்டு விதமாக! கலிபோர்னியாவின் 1849 அரசியல் சட்டப்படி கிழக்கு எல்லை 120ஆவது தீர்க்கரேகை, அதிலிருந்து 39 டிகிரி அட்சரேகையில் திரும்பிச் சாய்வாகக் கொலராடோ ஆறு வரைக்கும் ஒரு கோடு. நெவாடாவை உண்டாக்கிய 1861 சட்டமோ மேற்கு எல்லை மலைமுகடு என்றது, ஆனால் கலிபோர்னியா சம்மதித்தால்தான் என்று ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தது. கலிபோர்னியா சம்மதிக்கவே இல்லை. அப்படியானால் 120ஆவது ரேகைதான் எல்லை. அது மண்ணில் எங்கே ஓடுகிறது என்று முறையாக அளந்து கல் நட்டவர் யாருமில்லை, அங்குதான் சிக்கல். மலையைத் தாண்டினால் கலிபோர்னியா முடிந்தது என்று ஜனங்கள் நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது, கண்ணுக்குத் தெரிந்த எல்லை அது ஒன்றுதான்.

சண்டைக்குப் பிறகு 1863இலேயே இரண்டு தரப்பும் சேர்ந்து சர்வே செய்தன. சூசன்வில் அந்த ரேகைக்கு மேற்கே ஐம்பது கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தள்ளி இருக்கிறது. கிட்டத்தில் கூட இல்லை! ஊர் கலிபோர்னியாவுக்குப் போனது.

இதற்குத் தலைகீழாக நடந்தது தெற்கே அரோரா என்ற சுரங்க ஊரில். அது ஒரே நேரத்தில் கலிபோர்னியாவின் மோனோ கவுன்ட்டிக்கும் நெவாடாவின் எஸ்மெரால்டா கவுன்ட்டிக்கும் தலைநகர். 1863 செப்டம்பர் தேர்தலில் ஊர்க்காரர்கள் ஒரு சாவடியில் கலிபோர்னியா வேட்பாளர்களுக்கும் இன்னொரு சாவடியில் நெவாடா வேட்பாளர்களுக்கும் ஓட்டுப் போட்டார்கள். சில வாரங்களில் சர்வே வந்தது, அரோரா சில மைல் தூரத்தில் நெவாடாவுக்குள் விழுந்தது. மோனோவுக்கு வேறு தலைநகர் தேட வேண்டியதாயிற்று, இன்று அது பிரிட்ஜ்போர்ட்.

கே: இவ்வளவு பேர் அடித்துக்கொண்ட நிலம் முதலில் யாருடையது? (திருநெல்வேலி வாசகர்)

ப: கேட்க வேண்டிய கேள்வி. அந்தப் பள்ளத்தாக்கில் வடக்கு பையூட், மைடு, வாஷோ மக்கள் காலங்காலமாகப் புழங்கி வந்தார்கள். நடாக்வா கூட்டத்துக்கு அவர்களை யாரும் கூப்பிடவில்லை. 1860 பிப்ரவரியில் தற்காலிக கவர்னர் ரூப், ராணுவத்துக்கு உதவி கேட்டு ஒரு கடிதம் எழுதினார். அதில் பையூட் தலைவர் வின்னமக்கா ஹனி லேக் பள்ளத்தாக்குக்கு விலையாகப் பதினாறாயிரம் டாலர் கேட்டார் என்று வருகிறது. ரூப் அதை அடாவடியாகத்தான் குறிப்பிடுகிறார். எனக்கென்னவோ அந்த மொத்த விவகாரத்திலும் நியாயமான ஆவணம் அந்த விலைதான் என்று தோன்றுகிறது. வின்னமக்கா ஒருவர்தான் நிலத்தை விற்கும் பொருளாகவாவது பேசினார், மற்றவர்கள் நேராகப் பதிவு நோட்டைத் திறந்துவிட்டார்கள். சில மாதங்களில் பிரமிட் ஏரியில் பெரிய போரே மூண்டது.

கே: மார்க் ட்வெயின் அப்போது அந்தப் பக்கம் இருந்தாரா? (மதுரை வாசகர்)

ப: இருந்தார். நெவாடாவின் வர்ஜீனியா சிட்டியில் பத்திரிகை வேலை. 'மார்க் ட்வெயின்' என்று முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டதே இந்தச் சண்டை நடந்த அதே 1863 பிப்ரவரியில்தான். அண்ணன் ஓரியன் கிளெமென்ஸ் டெரிட்டரியின் செயலாளர். கவர்னர் ஊரில் இல்லாததால் பொறுப்பு கவர்னரும் அவரே. கலிபோர்னியா கவர்னர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்ட் அனுப்பிய தூதரோடு பேசி சர்வேக்கு வழி செய்தது அவர்தான். தம்பியின் எழுத்தில் அண்ணன் கொஞ்சம் அசடாகவே வருவார், இந்த ஒரு விஷயத்தில் மனிதர் சரியாகத்தான் நடந்துகொண்டார்.

கே: ரூப் கவுன்ட்டி என்ன ஆனது? ரூப் என்ன ஆனார்? (சேலம் வாசகர்)

ப: சூசன்வில்காரர்கள் குயின்சிக்குப் பணிந்து போகவில்லை. 1864 ஏப்ரலில் கலிபோர்னியாவே அவர்களுக்கு லாசென் என்று தனி கவுன்ட்டி பிரித்துக் கொடுத்தது. அந்தப் பெயருக்குரிய சர்வேயர் 1859லேயே பாலைவனத்தில் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். கேட்டது தனி நிர்வாகம், கிடைத்தது தனி நிர்வாகம், எந்த மாநிலம் என்பது அவர்களுக்கு அவ்வளவு முக்கியமாக இருந்ததாகத் தெரியவில்லை. பதிவாளராகவும் கவர்னராகவும் இருந்த ரூப், அந்தப் புது கவுன்ட்டியில் அரசு வக்கீலாக வேலை பார்த்து 1869இல் இறந்தார்.

ரூப் கவுன்ட்டியில் மிஞ்சியது கோட்டுக்குக் கிழக்கே கிடந்த மேய்ச்சல் பூமியும் வறண்ட நிலமும். தலைநகர் என்று சொல்ல ஓர் ஊர் இல்லை, கோர்ட், வரி எல்லாவற்றுக்கும் பக்கத்து வாஷோ கவுன்ட்டியோடு ஒட்டவைத்திருந்தார்கள். பெயர் மட்டும் ஏட்டில் இருந்தது. 1883இல் அதையும் எடுத்துவிட்டு வாஷோவோடு சேர்த்தார்கள். நெவாடா வரைபடத்தில் ரீனோவிலிருந்து வடக்கே ஆரிகன் எல்லை வரை வாஷோ ஒரு நீண்ட பட்டையாகப் போகும், அதன் மேல் பகுதிதான் அது.