படகை இழுத்துக்கொண்டு பிரான்ஸ் போகலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். பழைய படகு ஒன்றை ட்ரெய்லரோடு சேர்த்து விலை பேசி வைத்திருக்கிறேன். அமெரிக்காவில் கட்டியது. நீளம் 23 அடி, அகலம் எட்டரை அடி. கோடை விடுமுறையில் காரில் பூட்டி, டோவர் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கொண்டுபோய் பிரிட்டனி கரையில் ஓட்ட வேண்டும் என்று ஆசை. விற்கும் கடைக்காரர், "ஐரோப்பா முழுக்க இழுத்துக்கொண்டு போகலாம், ஒரு பிரச்சினையும் இல்லை" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா?

பதில்: இப்போது கொடுக்காதீர்கள். முதலில் அளவு நாடாவோடு போய், படகின் மிக அகலமான இடத்தை நீங்களே அளந்து பாருங்கள்.

எட்டரை அடி என்பது அமெரிக்கச் சாலையின் கணக்கு. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் 102 அங்குலம் வரை தனி அனுமதி இல்லாமல் இழுக்கலாம். அதனால் படகு கட்டுகிறவர்கள் அந்த எல்லை வரைக்கும் அகலத்தை நீட்டிவிடுகிறார்கள். மீட்டரில் சொன்னால் 2.59. பிரான்சிலோ வண்டியும் அதன்மேல் ஏற்றிய சுமையும் சேர்த்து 2.55 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜெர்மனியிலும் அதே அளவுதான். உங்கள் படகு நான்கு சென்டிமீட்டர் அதிகம். நான்கு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் வழியில் நிறுத்தி அளந்தால் அது விதிமீறல்தான். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பிடித்துக்கொள்ளப் போவதும் அதைத்தான்.

கடைக்காரர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். பிரிட்டனில் விதி வேறு. இங்கே ட்ரெய்லர் 2.55 மீட்டருக்குள் இருக்க வேண்டும், ஆனால் மேலே இருக்கும் படகு பக்கத்துக்கு 30.5 சென்டிமீட்டர் வரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கலாம். மொத்த அகலம் 2.9 மீட்டரைத் தாண்டாத வரை யாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. தாண்டினால் இரண்டு முழு வேலைநாட்களுக்கு முன்பே போலீசுக்குச் சொல்ல வேண்டும். ஆக, கடையிலிருந்து ஹாரோவுக்கும், ஹாரோவிலிருந்து டோவருக்கும் உங்கள் படகு சட்டப்படி சரியாகவே போகும். கப்பல் பிரெஞ்சுத் துறைமுகமான கலேயில் கதவைத் திறந்ததும் அதே படகு அளவு மீறிய சுமை ஆகிவிடுகிறது. அதற்கென்று பிரான்சில் தனி அனுமதி உண்டு. ஆனால் விண்ணப்பம், வழித்தடம், எச்சரிக்கைப் பலகை என்று அது தொழிலாக ஏற்றி இறக்குகிறவர்களுக்கான ஏற்பாடு. இரண்டு வார விடுமுறைக்கு அந்தப் பாட்டைப் பட வேண்டாம்.

அகலமான படகுதான் வேண்டும் என்றால், பக்கங்களில் காற்றடைத்த குழாய் வைத்த படகைப் பாருங்கள். காற்றை இறக்கினால் அகலம் நன்றாகக் குறையும். காற்று இறக்கிய நிலையில் எவ்வளவு அகலம் என்று கேட்டு, அந்த அளவை வைத்து முடிவு செய்யுங்கள்.

அடுத்து எடை. விளம்பரத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் வெறும் படகின் எடை. பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் முக்கால் கிலோ. 300 லிட்டர் தொட்டி நிறைந்தால் 220 கிலோவுக்கு மேல் வந்துவிடும். தண்ணீர், நங்கூரம், சங்கிலி, பேட்டரி, நீங்கள் ஏற்றும் சமையல் சாமான், அப்புறம் ட்ரெய்லரின் சொந்த எடை, எல்லாம் தனி. சாதாரண கார் லைசென்ஸில் 3,500 கிலோ வரையுள்ள ட்ரெய்லரைத்தான் இழுக்கலாம். உங்கள் காரின் எல்லை அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். கார்க் கதவோரத் தகட்டில் அது இருக்கும். ட்ரெய்லர் சக்கரங்களையும் பாருங்கள். டயரில் பொறித்த நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1514 என்றால் 2014-இன் 15-ஆவது வாரத்தில் செய்த டயர். படகு ட்ரெய்லர் வருடம் முழுக்க அதிகம் ஓடாது, டயர் தேயாமல் புதிதுபோல இருக்கும், ஆனால் ரப்பர் வெயிலில் வெடித்திருக்கும். உப்புத் தண்ணீரில் இறக்கி ஏற்றிய ட்ரெய்லரில் பேரிங்கையும் பிரேக்கையும் கழற்றிப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

1997 ஜனவரி 1 முதல் கார் லைசென்ஸ் எடுத்தவர்கள் இந்த அளவு ட்ரெய்லருக்கு முன்பு தனியாக ஓட்டிக் காட்டும் பரீட்சையில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது இல்லை. ஆனால் உங்கள் கையிலிருக்கும் அட்டை பழையதாக இருந்தால் அந்த உரிமை அதில் அச்சாகியிருக்காது. பிரெஞ்சுப் போலீசுக்கு நீங்கள் காட்டப் போவது அந்த அட்டையை. போவதற்கு முன் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

முன்பணத்துக்கு வருகிறேன். கடைக்காரருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: "இந்தப் படகையும் ட்ரெய்லரையும் என் காரில் பூட்டி, பிரான்சில் தனி அனுமதி இல்லாமல் இழுக்கவே வாங்குகிறேன். இதற்கு இது பொருந்தும் என்று உறுதி செய்யவும்." பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, வாங்குவதற்கு முன் நீங்கள் தெரிவித்த நோக்கத்துக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். பழைய பொருளுக்கும் இது உண்டு. வாய்ப்பேச்சுக்கு நிரூபணம் இல்லை, அதனால் எழுத்தில் கேளுங்கள். நேர்மையான கடைக்காரராக இருந்தால் அந்த மின்னஞ்சலைப் படித்ததும் அவரே நாடாவை எடுப்பார். தனி ஆளிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே பொருள் விவரித்தபடி இருக்க வேண்டும், விற்க அவருக்கு உரிமை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வேறு படகு எடுத்துப் புறப்படும்போது, வாட் வரி கட்டிய பழைய பில்லை விற்றவரிடம் கேட்டு வாங்கி வண்டியில் வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவரின் படகு அங்கே வரியில்லாமல் 18 மாதம் வரை நிற்கலாம். திரும்பி வரும்போது பிரிட்டனில் மறுபடி வரி கேட்காமல் இருக்க அந்த பில் உதவும். ட்ரெய்லரின் பின்புறம் யூ.கே. எழுத்துள்ள நம்பர் பிளேட்டோ ஸ்டிக்கரோ வேண்டும். 2021 செப்டம்பர் 28 முதல் பழைய ஜி.பி. ஸ்டிக்கர் செல்லாது. இன்சூரன்சின் பச்சை அட்டை இப்போது தேவையில்லை. காரும் ட்ரெய்லரும் சேர்ந்து அனுமதித்த எடை 3,500 கிலோவைத் தாண்டினால் பிரெஞ்சு மோட்டார்வேயில் மணிக்கு 90 கிலோமீட்டர்தான். மூன்று தடம் இருந்தால் இடதுகோடித் தடத்துக்குப் போகாதீர்கள். படகு பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் அதன் நுனியில் விளக்கும் பிரதிபலிப்பானும் வேண்டும்.

இன்னொன்று, நம்மவர் பலர் வீடுகளில் இருக்கும் நிலைமை. அப்பாவுக்குப் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், அம்மாவுக்கு இலங்கைப் பாஸ்போர்ட்டும் நிரந்தர வதிவிடமும் என்றால், அம்மாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். படகின் காகிதத்தில் மூழ்கி இதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: என் நண்பரின் படகை ஸ்பெயினில் கொண்டுபோய் விடக் கேட்கிறார். டீசல் செலவோடு கூலியும் தருவதாகச் சொல்கிறார். சரியா?

பதில்: கூலி வாங்கினால் அது சரக்குப் போக்குவரத்து. 2022 மே 21 முதல், ட்ரெய்லரையும் சேர்த்து 2.5 டன்னைத் தாண்டும் வண்டியில் கூலிக்காக ஐரோப்பாவுக்குச் சரக்கு கொண்டுபோக சர்வதேச ஆபரேட்டர் லைசென்ஸ் வேண்டும். தொழிலுக்கு ஓட்டும் 750 கிலோவுக்கு மேற்பட்ட ட்ரெய்லரைத் தனியாகப் பதிவும் செய்ய வேண்டும். உங்கள் கார் இன்சூரன்சும் கூலி ஓட்டத்தை ஏற்காது. நண்பர் தன் வண்டியில் தானே இழுக்கட்டும், வேண்டுமானால் நீங்கள் கூடப் போங்கள். கூலி வேண்டாம்.

கேள்வி: விற்பவர் சிறு கப்பல் பதிவேட்டின் சான்றிதழைக் காட்டுகிறார். அது போதுமா?

பதில்: போதாது. அந்தச் சான்றிதழ் படகு பிரிட்டிஷ் கொடியுடையது என்று வெளிநாட்டில் காட்ட உதவும். படகு யாருக்குச் சொந்தம் என்பதற்கு அது சான்று ஆகாது. முந்தைய விற்பனைப் பத்திரங்களை வரிசையாகக் கேளுங்கள், படகின் உடலில் பொறித்த எண்ணும் என்ஜின் எண்ணும் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று நேரில் பாருங்கள். கடனில் வாங்கியிருந்தால், கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.