‘ஒன் மண்டே’யா, வெறும் ‘மண்டே’யா? கிழமைகள் பற்றி வந்த கேள்விகள்

கிழமைப் பெயர்களை ஆரம்பப் பிரிவிலேயே பாடமாக்கிவிடுகிறோம். ஆனால் ஒரு லீவுக் கடிதத்திலோ மின்னஞ்சலிலோ அவற்றை எழுத வரும்போதுதான் சிக்கல். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை அதைப் பற்றியே இருந்ததால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

‘ஐ வென்ட் டு கிளிநொச்சி மண்டே’ என்று எழுதினேன். ரீச்சர் வெட்டி ‘ஒன் மண்டே’ என்று திருத்தினார். ஆங்கிலப் படங்களில் ‘சீ யூ மண்டே’ என்றுதானே சொல்கிறார்கள்?
– சாதாரணதர மாணவி, மல்லாவி

ரீச்சர் திருத்தியது சரி, தங்கச்சி. நீங்கள் படத்தில் கேட்டதும் பிழையில்லை. அது அமெரிக்கப் பேச்சுவழக்கு. அங்கே கிழமைக்கு முன்னால் வரும் ‘ஒன்’ஐப் பேச்சில் விட்டுவிடுவார்கள், செய்தித்தாள்களிலும் விடுவதுண்டு. எங்கள் பாடசாலைகளில் படிப்பது பிரித்தானிய வழக்கைத் தழுவிய ஆங்கிலம். ஆகவே பரீட்சைத் தாளில் ‘ஒன்’ போட்டே எழுதுங்கள்.

இந்தப் பிழை எங்களுக்கு ஏன் அடிக்கடி வருகிறது என்றால், தமிழில் ‘திங்கட்கிழமை கிளிநொச்சிக்குப் போனேன்’ என்று எந்த உருபும் சேர்க்காமல் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் கிழமையைத் தனியே விட்டுவிடுகிறோம். இன்னொன்றையும் கவனியுங்கள். காலையில் என்பதற்கு ‘இன் த மோர்னிங்’. ஆனால் கிழமை சேர்ந்துவிட்டால் ‘ஒன் மண்டே மோர்னிங்’. அந்த இடத்தில் ‘இன்’னும் இல்லை, ‘த’வும் இல்லை. நன்றாக எழுதுகிற பிள்ளைகளே இதில் புள்ளியை விடுகிறார்கள்.

அப்படியென்றால் ‘ஒன் நெக்ஸ்ட் மண்டே’ என்பதும் சரிதானே? எங்கள் அலுவலகக் கடிதங்கள் எல்லாவற்றிலும் அப்படித்தான் இருக்கிறது.
– ஒட்டுசுட்டான் வாசகர்

இல்லை. நெக்ஸ்ட், லாஸ்ட், திஸ், எவ்ரி ஆகிய நான்கில் ஒன்று கிழமைக்கு முன்னால் நின்றால் ‘ஒன்’ வராது. ‘ஐ வாஸ் அப்சென்ட் லாஸ்ட் தேர்ஸ்டே’, ‘வீ மீற் எவ்ரி சற்றர்டே’. அவ்வளவுதான். கிழமையே எழுவாயாக வந்தாலும் ‘ஒன்’ வேண்டாம்: ‘மண்டே இஸ் எ ஹொலிடே’. ‘டுடே இஸ் ஒன் மண்டே’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது ‘டுடே இஸ் மண்டே’ என்றே வர வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ மாங்குளத்தில் மீற்றிங் என்று இருந்தது. மூன்று நாள் கழித்துப் போனால் மண்டபம் பூட்டிக் கிடந்தது. பிழை என்னுடையதா, அவர்களுடையதா?
– கள உத்தியோகத்தர், புதுக்குடியிருப்பு

இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் இரண்டு பக்கம் நிற்கிறார்கள். சிலருக்கு ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ என்றால் முதலில் வரும் வெள்ளி. வேறு சிலருக்கு அது அடுத்த கிழமைக்குரிய வெள்ளி. முதலில் வருவதை அவர்கள் ‘திஸ் ஃபிரைடே’ என்பார்கள். நாங்களும் ‘வாற வெள்ளி’ என்று ஒன்றையும் ‘அடுத்த வெள்ளி’ என்று இன்னொன்றையும் சொல்லிவிட்டு, எதைச் சொன்னாய் என்று திருப்பிக் கேட்கிறோம்தானே.

பேச்சில் திருப்பிக் கேட்கலாம். மின்னஞ்சலை நம்பி புதுக்குடியிருப்பிலிருந்து பஸ் ஏறி வருகிறவருக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கூட்டம் அறிவிக்கிறவர்களிடம் நான் வற்புறுத்திக் கேட்பது ஒன்றுதான்: திகதியையும் போடுங்கள். ‘ஒன் ஃபிரைடே, 14 மார்ச் 2025’ என்று எழுதினால் யாருக்கும் மயக்கம் வராது. எழுதிய பிறகு கலண்டரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கிழமை ஒன்றும் திகதி வேறொன்றும் காட்டுகிற அறிவித்தலைவிட ‘நெக்ஸ்ட் ஃபிரைடே’ எவ்வளவோ மேல்.

பிரித்தானியர் ‘எ வீக் ஒன் ஃபிரைடே’ என்று சொல்வதையும் கேட்பீர்கள். வாற வெள்ளி கழிந்து ஏழாம் நாள் என்பது அதன் பொருள்.

‘பை ஃபிரைடே’, ‘அன்ரில் ஃபிரைடே’ இரண்டும் ஒன்றா?
– வவுனியா வாசகி

ஒன்றல்ல. ‘சப்மிற் த ஃபோம் பை ஃபிரைடே’ என்றால் வெள்ளிக்குள் கொடுத்துவிட வேண்டும். புதனன்றே கொடுத்தாலும் சரி. ‘த ஒஃபிஸ் இஸ் குளோஸ்ட் அன்ரில் ஃபிரைடே’ என்றால் வெள்ளி வரை தொடர்ந்து பூட்டு. ஒரு தடவை முடிக்கிற வேலைக்கு ‘பை’, நீண்டுகொண்டே போகிற நிலைக்கு ‘அன்ரில்’. ‘பிஃபோர் ஃபிரைடே’ என்று போட்டிருந்தால் வியாழனுடன் சரி; விண்ணப்பத்தோடு வெள்ளியன்று போய் நிற்காதீர்கள்.

வற்றாப்பளைப் பொங்கலைப் பற்றிக் கனடாவில் பிறந்த மச்சாள் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் எழுதுகிறேன். திங்கள் இரவு முழுவதும் அம்மன் கோயிலில்தான் நிற்போம். இரவு 2 மணிக்கு வீடியோ கோல் எடுக்கிறேன் என்று எப்படி எழுதுவது?
– முள்ளியவளை இளைஞர்

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பொங்கலைப் பொதுவாகச் சொல்ல ‘ஒன் மண்டே நைட்’ போதும். ஆனால் 2 மணி என்று குறிப்பிட்டதும் கவனம் வேண்டும். சூரிய உதயத்தோடு நாளை எண்ணும் எங்கள் பழைய வழக்கப்படி விடியும்வரை திங்கள்தான். ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு செவ்வாய் பிறந்துவிடும். எனவே ‘அற் 2 ஏ.எம். ஒன் ரியூஸ்டே’ என்று எழுதி, ‘ஸ்ரீலங்கா டைம்’ என்றும் சேருங்கள். வைகாசியில் ரொறன்ரோ எங்களுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கும். உங்கள் செவ்வாய் அதிகாலை 2 மணி, அங்கே திங்கள் பின்னேரம் 4.30. அதையும் ஒரு வரியில் எழுதிவிட்டால் பிள்ளைகள் பாடசாலை விட்டு வந்து ஆறுதலாகப் பார்ப்பார்கள்.

சின்னக் கேள்விகள் சில

‘ஒன் ஃபிரைடே’ குறித்த ஒரு வெள்ளி. ‘ஒன் ஃபிரைடேஸ்’ வெள்ளி தோறும். ‘வீ டோன்ட் ஈற் ஃபிஷ் ஒன் ஃபிரைடேஸ்’ என்பதில் அந்த எஸ்ஸுக்கு முன்னால் மேற்கமா போடக் கூடாது. ‘வெள்ளிக்கிழமையினுடைய’ என்ற பொருளுக்கு மட்டும்தான் மேற்கமா.

கிழமைப் பெயரின் முதலெழுத்து வசனத்தின் எந்த இடத்தில் வந்தாலும் கப்பிட்டல்தான்.

புதனுக்கு உச்சரிப்பில் ‘வென்ஸ்டே’, எழுத்தில் நடுவே ஒரு ‘டி’ உண்டு. வோடன் என்ற பழைய தெய்வத்தின் பெயரால் வந்த நாள் என்பதால் அந்த எழுத்து அங்கே நிற்கிறது.

கிளினிக் நாட்களைச் சுருக்கி எழுதும்போது வெறும் ‘ரீ’ மட்டும் போடாதீர்கள். செவ்வாயும் வியாழனும் அதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. முதல் மூன்று எழுத்தையாவது எழுதுங்கள்.